நாலாம் பக்கத்துப் பேய்

ஒரு பேய்ப்படத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அதை நாற்பது தடவையாவது காதால் கேட்டவள் நான். ஹாஸ்டலில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரிஜினல் உசத்தியா, ரீமேக் உசத்தியா என்று மெஸ்ஸில் விவாதம் கிளம்பும்போதெல்லாம் சாப்பிடுகிற கையை உயர்த்திக்கொண்டு முதலில் நுழைகிறவளும் நான்தான். இந்த விஷயத்தில் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அனுபவம் உண்டு.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபரில் இருந்தார்கள். பிழைக்கக் கடல் தாண்டிப் போவதற்கு எங்கள் வீடுகளில் அதுதான் பெயர். அம்மாவின் தம்பி, என் மாமா, மூன்று வருஷமாகத் துபாயில். மாமி அடுத்த வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரிலும் ஒரு கதவு.

மாமாவுக்குக் கடிதம் எழுத வராது. பேசியே கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். டூ-இன்-ஒன் டேப்பைக் கூடத்தின் நடுவில் வைத்து, ஏதோ மாமாவே வந்து உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்போம். மாமா சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஏசி ரூம், மெத்தைக் கட்டில், வெள்ளிக்கிழமை தவறாமல் பிரியாணி, ரூமிலேயே டிவி, வீடியோ டெக். அத்தா சில இடங்களில் கேசட்டுக்கே பதில் சொல்லிவிட்டு, அப்புறம் சுற்றும்முற்றும் பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது மூன்று கேசட் கொண்டுவந்து கொடுத்தார். முதல் கேசட் குடும்பத்துக்கு. மாமா வீட்டு மாடி அப்போது பாதியில் நின்றிருந்தது. தூண்களின் தலையில் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், போட்டால் மாடியை முடித்துவிடலாம் என்று மாமா உற்சாகமாகச் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "நீ என்ன சொல்றே? நீ சரின்னாதான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். யாரைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி டேப்பைப் பார்த்தார். பக்கத்துத் தெருக்காரர் மாசக் கடைசியில் திரும்பிப் போகிறார். அதற்குள் பதில் கேசட் தயாராக வேண்டும்.

மற்ற இரண்டு கேசட்டும் எனக்கு. "என் மருமவளுக்கு ஒரு மலையாளப் பேய்ப்படம்" என்று மாமா முதல் கேசட்டிலேயே அறிவித்துவிட்டார். "படத்தத்தான் அனுப்ப முடியல. சத்தத்தையாச்சும் கேட்டுக்கம்மா." ரூமில் இருந்த மலையாளத்துக்காரர்கள் வாடகைக்கு எடுத்து வந்த படம். அது ஓட ஓட, டிவிக்கு முன்னால் டேப்பை வைத்து முழுப் படத்தையும் பதிந்திருக்கிறார்! இரண்டு கேசட், நாலு பக்கம். நாலாம் பக்கத்தில் படம் சில நிமிஷங்கள்தான் ஓடும்.

நானும் தம்பியும், பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டுவிடுகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுப் பெரியவர்கள் அசந்து தூங்கும் நேரத்தில், மாமி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்போம். கூரையில்லாத மாடிக்குப் போகும் படி. மழைநாட்களில் கரண்ட் எங்கே இருக்கும்? பேட்டரிதான். அது தீரத் தீர வெயிலில் வைப்போம். வெயில் இல்லையென்றால் கடித்துப் பார்ப்போம்.

அப்படி ஒரு படத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. ரப்பர் தோட்டத்து பங்களா. கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண். மழை பெய்தால் ஓட்டுக்கூரையின்மேல் யாரோ நடக்கிற காலடி. மலையாளத்தில் பாதி புரிந்தது. மீதியை நான் புரியவைத்துக்கொண்டேன். படம் முழுக்க 'உம்ம்ம்' என்று ஒரு மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அது பேயின் மூச்சு. பகலில்கூட, நல்லவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, அது பக்கத்தில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். ஆபத்து வரும் நேரத்தில் தூரத்தில் ஒரு ரயில் கூவும்; கொலைகாரன் அதில்தான் வந்து இறங்குகிறான். அந்தப் பெண் அலறும்போது நாலைந்து ஆண்குரல்கள் சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தம்பி இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொள்வான்.

மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது பேட்டரி சோர்ந்துவிடும். அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பேசுவதுபோல ஆகிவிடும். பேய் அவளுக்குள் இறங்கிவிட்டது என்று தம்பிக்கு நான்தான் விளக்கினேன்.

இதையெல்லாம் தூக்கி அடிப்பது நாலாம் பக்கம். பேயே இல்லை, எல்லாம் தோட்டத்து மேனேஜர் செய்த வேலை என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். இசை வந்து முடிகிறது. ஆட்கள் பேசிக்கொண்டே வெளியே போகிறார்கள். செருப்புச் சத்தம். கதவு சாத்துகிறார்கள். அந்த மூச்சு மட்டும் ஓடுகிறது, வெகுநேரம். அப்புறம் அழுகை. வாயை எதிலோ பொத்திக்கொண்டு, விட்டு விட்டு, கனத்த குரலில் ஓர் அழுகை. பேச்சு ஒன்றும் கிடையாது. பிறகு கட்டில் கிறீச்சிடும். மறுபடி அந்த மூச்சு, டேப் முடியும்வரை.

யோசித்துப் பாருங்கள். பேய் இல்லை என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். பேய் உள்ளே தனியாக உட்கார்ந்து அழுகிறது! பயமுறுத்துகிற பேயை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அழுகிற பேயை எடுக்க எவ்வளவு பெரிய மூளை வேண்டும்? நான் பார்க்காத அந்த டைரக்டரை நினைத்து எனக்கு அப்படியொரு பிரமிப்பு. தம்பிக்கு அழுகை வந்துவிடும். எனக்கும் வரும், அக்கா என்பதால் அடக்கிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு ஒரு பக்கம் வீதம் கதை சொன்னேன். நாலாம் பக்கத்தைச் சொன்ன அன்று மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. என் புகழ் ஏழாம் வகுப்புவரை பரவியிருந்த சமயம் பார்த்து, அதே படத்தைத் தமிழில் எடுத்து டவுன் தியேட்டரில் போட்டுவிட்டார்கள். நெல் மண்டிக்காரர் மகள் முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரயிலும் இல்ல, மூச்சும் இல்ல. கடைசில பேய் அழவும் இல்ல. சுபம்னு போட்டு லைட்டப் போட்டுட்டான். நல்லாப் புளுகுனே நீ!"

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. சுவர்க்கதவு வழியாக வந்த மாமி காரணத்தை விசாரித்துவிட்டு, "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். பதில் கேசட் இன்னும் பதியவில்லை. 'சரி' என்று சொல்வதாகத்தான் பேச்சு. சொல்வதற்கு முன்னால் எங்காவது வெளியே போய்வர வேண்டும்போல அவருக்கும் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மேட்னி. அம்மாவும் மாமியும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்ள, நாலு பேரும் பஸ் ஏறினோம். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

ரப்பர் தோட்டத்தை ஊட்டியாக்கியிருந்தார்கள். பேய் வரும் நேரமெல்லாம் ஒரு சமையல்காரர் வேட்டி அவிழ ஓடினார். கதாநாயகி பயந்து நடுங்கிய அடுத்த நிமிஷம் மஞ்சள் புடவையில் ஆடினாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஓட்டு இடுக்கில் மழைத்தண்ணீர் சொட்டுவதை நிறுத்தி, யாரோ மேலே கால் வைத்துவிட்டதைக் காட்டிய ஓர் இடம் பிரமாதம். மற்றபடி ரயில் வரவில்லை. அந்தப் பெண்ணின் குரல் கடைசிவரை பெண் குரலாகவே இருந்தது. சுபம் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பெருக்குகிறவர் வந்து, "ஏம்மா, அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கியா?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸுக்கே கேட்கும்படி பொரிந்து தள்ளினேன். உயிரான இடத்தையே வெட்டிவிட்டார்களே! பேய் அழுவதைக் காட்டாமல் அதென்ன பேய்ப்படம்?

மாமி வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு, "எந்த அழுகைடி?" என்று கேட்டார்.

"எல்லாரும் கதவ சாத்திட்டுப் போனப்புறம் அழுவுமே மாமி, ஒரிஜினல்ல."

"எல்லாரும் போனப்புறமா?"

"ஆமா. ரூமுக்குள்ள தனியா."

வீட்டுக்கு வந்ததும் மாமி துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை. தம்பியைக் கடைக்கு அனுப்பிப் புதுப் பேட்டரி வாங்கிவரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர் ஒருவர் என் பக்கத்துச் சாட்சியைக் கேட்கப் போகிறார். மாமி வீட்டுக் கூடத்தில் நாலாம் பக்கத்தைப் போட்டேன்.

புதுப் பேட்டரியில் கேட்டபோது எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். கனத்த குரல் போய்விட்டது. மெலிதாக, சாதாரணமாக, நம் வீட்டு ஆள் யாரோ தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுவதுபோல இருந்தது. "பேட்டரி வீக்கா இருந்தாதான் மாமி நல்லாருக்கும்" என்று சமாதானம் சொன்னேன்.

மாமி டேப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவ."

மறுநாள் பதில் பதிவு. வழக்கமாக அம்மாதான் வீட்டுக்காகப் பேசுவார். மாமி கூச்சப்பட்டுக்கொண்டு கடைசியில் சலாம் மட்டும் சொல்வார். அன்று டேப்பைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவில் காதை வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீங்க அனுப்புன படத்தக் கடைசி வரைக்கும் கேட்டேன். மாடி வேணாம். வந்துடுங்க."

அம்மா மூன்று நாள் சண்டை போட்டார். "பாதி மாடி நிக்கிதே, ஊரு என்னா பேசும்?" என்றதற்கு மாமி, "ஊரு கீழயே நின்னு பேசட்டும் மச்சி" என்று நாத்தனாருக்குச் சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். அவ்வளவு சாதுவான மாமி! காரணம் எனக்கு மட்டும் விளங்கியது: பேயைக் கேட்டுப் பயந்துபோனவர், தனியாகப் படுக்க முடியாமல் புருஷனை வரச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நெல் மண்டிக்காரர் மகளின் எதிரில் போய் நின்று சொன்னேன்: உன் ரீமேக் அடுத்த தெரு ஆளைக்கூட அசைக்காது, எங்கள் ஒரிஜினல் ஒரு ஆளைத் துபாயிலிருந்தே வரவழைக்கிறது! அவள் இடுப்பிலிருந்த கையை இறக்கிக்கொண்டாள்.

தை அறுப்புக்கு முன்பே மாமா வந்துவிட்டார். இளைத்திருந்தார். பெட்டியில் டெக் இல்லை, எனக்கு அது பெரிய குறை. ஆனாலும் டைரக்டரை அறிந்தவர்போல அவரிடம் ஆவலாகக் கேட்டேன். "கடைசில பேய் அழுவுமே மாமா, அத ஏன் தமிழ்ல வெட்டிட்டாங்க?"

மாமா புரியாமல் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி, "தமிழ்ல எடுத்தவங்களுக்கு அது கேட்டிருக்காது" என்றார். மாமாவின் காதுமடல் சிவந்தது. நல்ல பதில் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மாடி அதற்குப்பின் எழும்பவேயில்லை. அந்தக் கம்பிகளுக்கு நடுவே மாமி கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

போன மாதம் ஹாஸ்டலில் ஒருத்தி அந்த மலையாளப் படத்தின் சிடியைக் கொண்டுவந்தாள். ஒரிஜினல்! அறையில் பன்னிரண்டு பேரைக் கூட்டி உட்காரவைத்து, கடைசிக் காட்சியைப் பாருங்கள், அதற்கு ஈடாக எதுவும் கிடையாது என்று முன்னுரையே கொடுத்தேன். ரயில் வரவில்லை. மூச்சு இல்லை. அவள் அலறியபோது படத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அறையில்தான் சிரித்தார்கள். நாலைந்து குரல்கள் சேர்ந்து. பெயர்கள் ஓடி, திரை கறுத்தது. அவ்வளவுதான். "எங்கடி உன் பேய்?" என்று கேலி பண்ணிக்கொண்டே எல்லோரும் சாப்பிடப் போனார்கள். செருப்புச் சத்தம். கதவைச் சாத்தினார்கள்.

மின்விசிறி மட்டும் 'உம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் ஏசி ரூம் எனக்கு அப்போதுதான் கேட்டது. அடுப்பில் கூவிய குக்கர், பேய்ப்படத்தைப் பார்த்துச் சிரித்த கூட்டாளிகள், அவர்கள் வேலைக்கோ வெளியிலோ போனபிறகு மாமா நிறுத்த மறந்த டேப், கிறீச்சிட்ட கட்டில்.

அத்துடன் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று கூடத்தில் மூன்றாவது தடவை அந்த அழுகை வந்தபோது, மாமி கையை நீட்டி ஸ்பீக்கரின்மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல. பயத்தில் சத்தத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரிஜினலின் அருமை கொஞ்சமும் குறைந்துவிடக் கூடாதே என்று, நான் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தேன்.