கையெழுத்து வராத வெள்ளம்

நதிநிலை எழுத்தர் (தற்காலிகம்) பணிக்கு யார் தகுதியானவர் என்று துறை ஒரு தாளில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. மென்மையாகப் பேசுபவர், சுருக்கமாகப் பேசுபவர், குடும்ப விஷயங்களை அலுவலகத்துக்குக் கொண்டுவராதவர், நீச்சல் தெரிந்தவர். இரண்டாவது மாடியில், இரண்டு தொலைபேசிகளுக்கும் ஓர் இரும்பு அலமாரிக்கும் நடுவே உட்காருகிறவருக்கு நீச்சல் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அந்த நாற்காலியில் பதினான்கு வருடமாகத் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு நீச்சல் தெரியாது. படகைப் பார்த்தாலே தலை சுற்றும். குரலோ, கீழே சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும்.

படகுக்காரர்கள் அவரைப் போர்டம்மா என்பார்கள். தினமும் காலை நீர்மட்டத்தையும், எந்தப் பகுதி திறப்பு, எந்தப் பகுதி மூடல் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதுவது அவர்தான். கிளம்புவதற்கு முன் அவர்கள் போன் செய்து, "ஆறு தெறந்திருக்கா?" என்று ஏதோ கடையைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். அவர் மட்டத்தைச் சொல்வார், மூடலைச் சொல்வார், அப்படியே கேட்டவருடைய அம்மாவின் முழங்கால்வலியையும் விசாரிப்பார். ஓர் அழைப்புக்குச் சராசரி ஒன்பது நிமிடம்.

அன்று காலை ஏழு மணிக்குப் பலகையில் 'முழுவதும் திறப்பு' என்று எழுதினார். ஒன்பது முப்பத்தைந்துக்கு, ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் அணையின் காவலர் கூப்பிட்டார். மலையில் பேய்மழை, இரண்டு ஷட்டரைக் கூடுதலாகத் தூக்கிவிட்டேன், ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் இடுக்கைத் தாண்டிவிடும் என்றார். இடுக்கு என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு ஒரு தெருவளவுக்குச் சுருங்கும் இடம். அங்கே எதிரில் வெள்ளம் வந்தால், படகைத் திருப்பக்கூட இடம் கிடையாது.

ஆற்றை மூடப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். பொறியாளர் கூட்டத்தில் இருந்தார். நான்கு முறை கூப்பிட்ட பிறகு அவருடைய உதவியாளர் எடுத்து, வெள்ள முன்னெச்சரிக்கை பற்றிய முக்கியமான கூட்டம், நடுவில் தொந்தரவு செய்யக்கூடாது என்று கண்டித்தார்.

இடுக்கு வழியாகப் போகும் ஒரே படகு பத்து மணிப் படகு. அதை ஓட்டுவது போர்டம்மாவின் கொழுந்தன். படித்துறை பள்ளத்தில் இருப்பதால் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது. டிக்கெட் அறையில் பழைய கம்பிவழி போன் ஒன்று உண்டு. ஒன்பது ஐம்பத்தாறுக்கு அதைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்.

"கையெழுத்து வந்துடுச்சா அண்ணி?"

"வரும்."

"வந்ததும் சொல்லுங்க. போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க."

போன மாதம் சொன்னது உண்மை. அவன் பயணிகளை இறக்கிவிட்டான். வெள்ளம் கீழிருந்து இரண்டாவது படி வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதிலிருந்து படித்துறையில் அவனுக்கு 'அண்ணி சொல் தட்டாத கேப்டன்' என்று பட்டம்.

"பதினோரு பேர் ஏறி உக்காந்தாச்சு. போர்டுல தெறப்புன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றான்.

ஆமாம், அவர்தான் எழுதியிருந்தார். அடுத்த சொல்லோடு அவன் போனை வைத்துவிடுவான் என்றும் அவருக்குத் தெரியும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. போனில் சண்டை நடந்தால், முதலில் வைக்கிறவர் பேரில்தான் தப்பு. மாமியாரும் அவருடைய தங்கையும் ஒருமுறை பேச ஒன்றுமில்லாமல் அரை மணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் சட்டம் செல்ல வேண்டுமானால் சண்டை வேண்டும். ஆறு வருடத்துக்கு முந்தைய சண்டை ஒன்று இருந்தது. வீட்டைப் பாகம் பிரித்தபோது கொழுந்தன் எழுப்பிய சுவர் இவருடைய சமையலறை ஜன்னலை மூடிவிட்டது. போன வருடம்தான் சமாதானமானார்கள். அவன் மகள் இப்போது தினமும் மாலை இவர் வீட்டில்தான் பாடம் எழுதுகிறாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதற்கென்றே ஒரு மேசை வாங்கிப் போட்டிருந்தார்.

"தம்பி, அந்தச் சுவர நீயா எழுப்பினியா, உன் பொண்டாட்டி சொல்லி எழுப்பினியா?"

பக்கத்து மேசையில் வரைவாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இப்ப எதுக்கு அது?"

"ஆறு வருஷமா பட்டப்பகல்ல லைட்டு போட்டு சமைக்கிறேன். வாயத் தெறக்கலன்னா இளிச்சவாய்னு நெனச்சுட்டீங்க ரெண்டு பேரும்."

"அவள இதுல இழுக்காதீங்க."

இழுத்தார். சுவரிலிருந்து சிமெண்ட் மூட்டைக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு யார் பார்க்க வரவில்லை என்பதற்கும் போனார். பத்து பத்துக்கு ஒரு பயணி டிக்கெட் அறை ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. கிளம்பணும் என்றான் கொழுந்தன்.

"போ. வச்சுட்டுப் போ. தப்பு யார் பேர்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அவன் வைக்கவில்லை. பதிலுக்கு, பதினாலு வருஷமாத் தற்காலிகமா இருக்கிறவங்களுக்கு வாய் மட்டும் நிரந்தரம் என்றான். போர்டம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. உண்மையான குறைகள் தீர்ந்துவிட்டன. நாக்கு வறண்டிருந்தது. பொய்க்குப் போக வேண்டியதாயிற்று.

"உன் பொண்ணு தினமும் வந்து குந்திக்கிறா. எனக்கு வேற வேலை இல்லையா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் என்றே நினைத்தார். பிறகு மூச்சு கேட்டது. அவன் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தான். அதில் வரைவாளருக்குக் கேட்டது ஒன்றுமில்லை. போர்டம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்து முப்பத்தேழுக்கு அவன் பாதியில் நிறுத்தினான்.

"அஞ்சாவது படி போயிடுச்சு அண்ணி." கொஞ்ச நேரம் கழித்து, "ஆறாவது."

"எல்லாரையும் மேல ஏத்து."

ரிசீவரை வைக்காமலே ஓடினான். கூச்சலும் காலடிச் சத்தமும், அவற்றுக்குக் கீழே தண்ணீரின் சத்தமும் கேட்டன. படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. அதில் யாரும் இல்லை.

மூடல் உத்தரவு பன்னிரண்டே காலுக்குக் கையெழுத்தாகி வந்தது. காலை பத்து மணி முதல் அமலுக்கு வருவதாக எழுதியிருந்தது. ஆறு உரிய நேரத்தில் மூடப்பட்டது என்று அறிக்கை போயிற்று. அலுவலகப் போனில் சொந்த விஷயம் பேசியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் வந்தது. கொழுந்தன் மகள் அன்று மாலை வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

நடந்தது இதுதான்: ஆற்றை மூட அதிகாரம் இல்லாத ஒரு பெண், பத்து மணிப் படகு கிளம்பாதபடி, கொழுந்தனோடு நாற்பத்தோரு நிமிடம் சண்டை போட்டார்.