கறை படாத கழுத்து

அப்பா பிரான்சிலிருந்து வருவதற்கு முந்தின நாள்தான் அம்மா முதன்முதலாகத் தலைக்கு டை அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டாள் என்பதைவிட, நாங்கள் இருவரும் சேர்ந்து அடித்தோம் என்று சொல்வதுதான் சரி. முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவைப் பெற்ற தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் அப்பாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊருக்குக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் போவதாக ஏற்பாடு. "பேப்பர் வரணும்" என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பேச்சு. எந்தப் பேப்பர் என்று எனக்குத் தெரியாது. காலையில் தெருவில் பேப்பர் போடும் அண்ணனின் சைக்கிள் மணி கேட்டால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்த காலமும் உண்டு.

முதலில் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு ஒரு வருஷம் விட்டு வந்தார். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றார். போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி. அதிலும் குளிருக்காகக் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் பேசுவார். அங்கே முடி வெட்டிக்கொள்வதற்குக்கூட யானை விலை என்றும், சலூன் பக்கமே போகாமல் ரூமில் மெஷின் வைத்துத் தானே வெட்டிக்கொள்வதாகவும் சொல்வார். அம்மா அதைச் சித்தியிடம் பெருமையாகச் சொல்லுவாள். எங்களுக்காக இப்படிக் கஷ்டப்படுகிறார் என்று.

அம்மா ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அப்பா வராத அந்த வருஷங்களில் அவளுக்குத் தலை வெளுத்துவிட்டது. வகிட்டின் இரண்டு பக்கமும் யாரோ கோலமாவைக் கொட்டியதுபோல் இருக்கும். அப்பாவோடு பேசும்போது புருவத்துக்கு மேலே தெரியாதபடி போனைப் பிடித்துக்கொள்வாள். அவர் நேரில் வருகிறார் என்றதும் அந்தப் பிடி பலிக்காது அல்லவா? அதனால்தான் கடையிலிருந்து டை பாக்கெட் வாங்கி வந்தாள்.

அது அடைமழைக் காலம். பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அடுக்களையில் பழைய நைட்டியோடு மணைப்பலகையில் அம்மா உட்கார்ந்தாள். பொடியைக் கரைத்து, தேய்ந்த டூத் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தாள். தண்ணீர் கூடிவிட்டிருக்க வேண்டும். நான் தொட்டுத் தொட்டு வைக்க, அது மயிரில் நிற்காமல் வழிந்தது. அம்மா கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"இந்த வாட்டி நேராவே கேட்டுடப் போறேன் பாப்பா. பேப்பர் வருது, வருதுன்னு எத்தினி நாளு? எங்களையும் கூட்டிக்கினு போங்க, இல்ல நீங்க இங்க வந்துடுங்கன்னு. என்னா சொல்றே?"

"கேளும்மா," என்றேன்.

தலை அலசிவிட்டுக் கண்ணாடி முன் வந்து நின்றபோதுதான் பார்த்தாள். மயிர் கறுத்திருந்தது. அதோடு நெற்றியின் மேல் ஓரம் முழுவதும் ஒரு கறுப்புப் பட்டை. இரண்டு காது மடலிலும் கறுப்பு. பின்கழுத்தில் மை கொட்டியதுபோல் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. என் விரல்களும் கறுப்பாக இருந்தன. அவற்றைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டு போனாள். சோப்பில் கறை போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தாள். கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். போன் போட்டுச் சித்தியை வரச்சொன்னாள்.

அடுத்த தெருவிலிருந்து நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்த சித்தி வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, டை அடிக்கறதுக்கு முன்னாடி நெத்தி ஓரம், காது, கழுத்து எல்லாத்துலயும் எண்ணெய தடவிக்கணும்னு தெரியாது? தடவியிருந்தா ஒட்டாது. பட்டாலும் ஒடனே ஈரத்துணியால தொடச்சிடணும். ஊற வுட்டுட்டு இப்ப தேய்ச்சா?"

"அதெல்லாம் எனக்கு யாரு சொன்னாங்க? நான் என்னா தெனமா அடிச்சிக்கறேன்?"

சித்தி டூத் பேஸ்ட்டைத் தடவிக் காயவிட்டுத் துடைத்தாள். எலுமிச்சம்பழத்தை ஆப்ப சோடாவில் தொட்டுத் தேய்த்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கொஞ்சம் போய், அந்த இடத்தில் சிவப்பு வந்தது. நெற்றியில் ஓரிடத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

"விடுக்கா. இதுக்கு மேல தேய்ச்சா புண்ணாயிடும். ரெண்டு மூணு நாளு தலைக்கு எண்ணெய வச்சி குளி. தானா போயிடும்."

"காலைல வந்துடுவாருடி," என்றாள் அம்மா. சின்னப்பிள்ளையின் குரல்போல் இருந்த அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்பா டாக்சியில் வந்து இறங்கினார். நான் படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். போட்டோவில் பார்த்த அப்பாவைவிடச் சின்னவராக இருந்தார். கடைசியாக வந்தபோது காதோரம் நரைத்திருந்த தலை இப்போது பளபளவென்று கறுத்திருந்தது. மற்ற பிள்ளைகள் தங்கள் அப்பாவை நீ என்பார்கள். எனக்கு அவரைப் பார்த்ததும் நீங்க என்றுதான் வந்தது.

அம்மா பவுடரை அப்பி, மயிரைக் காதை மூடி இறக்கி வாரியிருந்தாள்.

"நெத்தில என்னா அது?" என்றார் அப்பா.

"வெயிலு அலர்ஜி," என்றாள் அம்மா. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மதியம் அவருக்காக வஞ்சிரம் வாங்கிக் குழம்பும் வறுவலும் வைத்திருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து குனிந்து சாப்பிட்டார். நான் பக்கத்தில். அம்மா பின்னால் நின்று பரிமாறினாள். அப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி ஓரத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. காதில் இல்லை. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கழுத்தில், மயிர் முடிகிற இடத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

"அப்பா, நீங்களும் டை அடிச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "ஆமா பாப்பா. வயசாவுதுல்ல?"

"அப்பறம் எப்படிக் கறையே படல?"

"அதுக்கு ஒரு க்ரீம் இருக்கு. டை வைக்கறதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னாடி, கழுத்துல எல்லாம் தடவி விடுவாங்க. படவே படாது."

"யாருப்பா தடவி விடுவாங்க?"

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். "கடைல. சலூன்ல," என்றார்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டியின் விளிம்பில் அப்படியே நின்றது. அவளும் அவருடைய கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா பொறுமையா போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

எனக்கோ பெரிய நிம்மதி. க்ரீம் என்று ஒன்று இருக்கிறது. ஆக, தப்பு என் கையில் இல்லை, எங்களிடம் க்ரீம் இல்லாததில்தான். அதை அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்குப் போனேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் எதுவும் தேய்க்காமல் நின்றிருந்தாள்.

அடுத்த நாள் மழை விட்டது. அப்பா எங்களை நோணாங்குப்பத்துக்கு அழைத்துப் போய்ப் படகில் ஏற்றினார். கூட்டமே இல்லை. ஆறு கலங்கி மண் நிறத்தில் ஓடியது. அக்கரையில் இறங்கிக் கடலோரம் நடந்தோம். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். காற்று பலமாக அடித்ததில் அம்மா இறக்கி வாரியிருந்த மயிர் பின்னால் பறந்து, காது முழுவதும் வெளியே தெரிந்தது.

அப்பா நின்று பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். பாட்டில் தண்ணீரில் நனைத்து, அம்மாவின் காதுக்குப் பின்னால் மெதுவாகத் துடைத்துவிட ஆரம்பித்தார். அம்மா அசையாமல் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக நின்று நான் பார்த்ததே இல்லை.

பிறகு அம்மா அவர் கையைப் பிடித்து விலக்கினாள்.

"விடுங்க. தானா போயிடும்," என்றாள். அலையின் இரைச்சலில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அம்மாவின் குரல் கேட்டது. "பேரு என்னா?"

அப்பா கைக்குட்டையைப் பிழிந்தார். அதிலிருந்து கறுப்பாக ஒன்றும் இறங்கவில்லை. வெறும் தண்ணீர்தான்.

"பேரு என்னான்னு கேட்டேன்."

"கொழந்த பக்கத்துல இருக்குது," என்றார் அப்பா.

"இருக்கட்டும். பேரச் சொல்லுங்க."

க்ரீம் பெயரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்ல இவர் ஏன் இப்படித் தயங்குகிறார் என்று ஆத்திரமாகக்கூட இருந்தது. ஒருவேளை மறந்துவிட்டாரோ? கடைசியில் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சோலாஞ்ஜ்."

இன்று எனக்குப் பிரெஞ்சு தெரியும். அது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியும். அன்று, வாசனையாக இருக்கிறதே, க்ரீமுக்கு ஏற்ற பெயர்தான் என்று நினைத்தேன். மறந்துவிடக் கூடாதென்று திரும்பி வரும் படகு முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா ஒரு பலகையில், அம்மா எதிர்ப் பலகையில், நான் நடுவில்.

மறுநாள் காலையில் அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினார். முதலியார்பேட்டைதான், தூரமில்லை. என் கன்னத்தைத் தட்டி, "ரெண்டு நாள்ல வர்றேன் பாப்பா," என்றார். அம்மா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். அவள் எழுந்து வழியனுப்ப வரவில்லை.

கறையினால்தான் இவ்வளவும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா அழகாக வந்திருக்கிறார். அம்மா நெற்றியில் புண்ணோடும் காதில் கறுப்போடும் நின்றாள். அவளுக்கு அவமானமாகிவிட்டது. அவர் திரும்பி வருவதற்குள் அந்தக் க்ரீமை வாங்கித் தடவி, அடுத்த முறை நானே ஒழுங்காக டை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சாயங்காலம் அம்மாவிடம் சொல்லாமல் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன்.

"சோலாஞ்ஜ் இருக்குதா?"

"என்னா பாப்பா?"

"சோலாஞ்ஜ். டை அடிக்கறப்ப கறை படாம இருக்கறதுக்கு. பிரான்சுல எங்கப்பாவுக்கு அதான் தடவி விடுவாங்க."

கடைக்காரர் உள்ளே இருந்தவரிடம் கேட்டார். அவர் மேல்தட்டில் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்தப் பேர்ல நம்ம ஊர்ல வர்றதில்லம்மா. வேற கம்பெனி எதனா தரட்டுமா?" என்றார். வேறு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அம்மா எழுந்து, துவைத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்டாள்.

"மருந்துக்கடைக்கு. சோலாஞ்ஜ் நம்ம ஊர்ல கெடைக்காதாம்மா. வேற கம்பெனிதான் இருக்குதாம்."

அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் கூப்பிட்டாள். கடையில் என்ன சொல்லிக் கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். நான் சொன்னேன். மேல்தட்டில் தேடிப் பார்த்ததையும், உதட்டைப் பிதுக்கியதையும் அப்படியே நடித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷமாகி, கூடச் சேர்ந்து சிரித்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.