பால்வெட்டுக்காரரின் உள்ளங்கை

தீப்புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் கட்டுவது பெரிய காரியமில்லை, முந்தின நாள் கட்டியதை அவிழ்ப்பதுதான் காரியம். மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில், கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நின்றபோது எனக்கு இது தெரிந்தது. நீங்களும் ஏதாவது டிரெஸ்ஸிங் அறையில் கையில் உப்புநீர் பாட்டிலோடு நின்றவர் என்றால் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் விட்டவன்தான்.

அடுக்களை வைத்தியம்

எங்களிடம் வருகிற தீப்புண் வெறும் புண்ணாக வராது. தேனோ காப்பிப்பொடியோ முட்டை வெள்ளையோ பூசிக்கொண்டுதான் வரும். எல்லாவற்றையும் கழுவி எடுத்தால்தான் அடியில் புண் எங்கே இருக்கிறது என்றே தெரியும்.

ஒரு அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்த கொதிதண்ணீரை வடிக்கும்போது காலில் கொட்டிக்கொண்டு, பாதம் முழுக்கப் பல் தேய்க்கிற பேஸ்ட்டோடு வந்தார். சுட்ட உடனே பைப்பைத் திறந்து பச்சைத் தண்ணீரில் காலைக் காட்டினால் போதும், பேஸ்ட் பூசக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பல்லுல போட்டா குளுகுளுன்னு இருக்குல்லா டாக்டரே, காலு மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

மரத்திலிருந்து வந்த பிளாஸ்திரி

தங்கமணி அண்ணன் வெள்ளறடைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற கொட்டகையில், சரிந்த இரும்புக் கம்பி ஒன்றைத் தாங்கப் போய் வலது உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துவிட்டார். கம்பி அடுப்புக்கு நேர் மேலே கிடந்தது. அவருக்குத் தெரிந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் மரத்திலேயே வடிந்துகொண்டிருந்தது. மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையிலிருந்து ரப்பர் பாலை எடுத்துப் புண்ணின் மேல் ஊற்றி, காயவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்தார்.

உள்ளங்கையில் இன்னொரு தோல்போல அது ஒட்டியிருந்தது. இழுத்தால் சொந்தத் தோலும் கூடவே வரும். வலிக்கு ஊசி போட்டு, பாரஃபின் எண்ணெய் நனைத்த துணியை வைத்து வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கழற்றினோம். ஒருவழியாக முழுதும் வந்ததும் அண்ணன் அதை இடது கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மெச்சினார்.

"கொள்ளாமே. ஒரு பொத்தல் இல்லாமல்லா வந்திருக்கு."

மெதுவான குரல்

புண் ஆழம்தான், ஆனாலும் ஆறிவிடும் என்றார் பெரிய டாக்டர். பயமெல்லாம் விரல்களைப் பற்றித்தான். மழைக்காலம் வந்ததும் பால்வெட்டு நின்றுவிடும்; மழை விட்டு மறுபடி வெட்டு தொடங்கும்போது கை உதவாது என்றால் தோட்டத்துக்காரர் அந்த மரங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அண்ணனுக்கு வேறு தொழில் கிடையாது.

அவரை வார்டில் சேர்த்தார்கள், தினமும் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. என் குரல் இயல்பாகவே சின்னது. சிஸ்டர்மார் மலையாளத்தில் கேலி செய்வார்கள், இந்த டாக்டர் பேசுவது ஸ்டெதாஸ்கோப் வைத்தால்தான் கேட்கும் என்று. கட்டை அவிழ்க்கும் நேரத்தில், வீட்டில் சின்ன வயதில் கேட்ட பேய்க்கதைகளை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் சிஸ்டர்மார் சொன்னார்களே என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் முகம் சுளித்தார்.

"சத்தமா சொல்லாதீங்க டாக்டரே. காதைத் தீட்டிக் கேக்கும்பம் கை நோவு மறந்து போவுது."

கட்டுக்குள் கம்பு

உள்ளங்கைப் புண் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். அதனால் கையை விரித்த நிலையில் ஒரு பலகையில் வைத்துக் கட்டுவோம். இதை அண்ணனுக்குப் புரியவைக்க அவர் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன்: ஷீட்டுக்காக டிஷ் என்கிற தட்டில் ஊற்றிய ரப்பர் பால் அந்தத் தட்டின் வடிவத்தில்தானே உறையும், அதுபோலத்தான் கையும், எப்படி வைக்கிறோமோ அப்படியே உறையும். அண்ணன் தலையாட்டினார். எனக்கும் நல்ல ஆசிரியன் என்று கொஞ்சம் பெருமை வந்தது.

இரண்டொரு நாள் கழித்துக் காலை ரவுண்ட்ஸில் பார்த்தால் பலகை தலையணைக்கு அடியில் கிடக்கிறது. கை மூடியிருக்கிறது, மேலே அவரே சுற்றிய கட்டு. பிரித்தோம். உள்ளே, சுத்தமான துணி சுற்றிய ஒரு கம்பு. பால்வெட்டுக் கத்தியின் பிடி எவ்வளவு பருமனோ அதே பருமனில் சீவியிருந்தார்கள். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"எப்பிடி வச்சாலும் அப்பிடியே உறையும்னு நீங்கதானே சொன்னிய? எனக்குக் கத்தி பிடிக்கணும். அப்பம் கத்தி பிடிச்ச மாதிரியே உறையட்டும்."

டிரிப் ஸ்டாண்டில் ஒரு வெட்டு

தோற்றுப்போனேன். உறைந்த கை கத்தியைப் பிடித்தபடி நிற்கும், பிடிக்கிற பலம் இருக்காது என்றேன். பலம் அப்புறம் வரும் என்றார். பெரிய டாக்டர் அதட்டிப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டலின் அர்த்தம் எனக்கு இப்போது தெரியும்.

கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு மரத்தை முதலிலிருந்து கடைசிவரை வெட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற டிரிப் ஸ்டாண்ட்தான் மரம். அண்ணன் உற்சாகமாக எழுந்து, மூடிய கையில் கம்போடு நின்றார். முதலில் பழைய வெட்டில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும். விரல் வரவில்லை. சரி, அது கிடக்கட்டும் என்று சிரட்டையை நிமிர்த்தப் போனார். அதற்கும் விரல் வரவில்லை. இடது கையை நீட்டினார், ஆனால் அது மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கை. அப்படியே நின்றுவிட்டார்.

அவர் வீட்டுக்காரி செல்லம்மா அக்கா கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அந்தக் கம்பைச் சீவிக் கொடுத்தவரும் அவர்தான். உள்ளே வந்து, புருஷன் கையிலிருந்து அதை மெதுவாக உருவி எடுத்தார். பலகையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மரம் கெடக்கட்டும். நாளைக்குச் சோறு திங்கதும் கத்தியோடதானா?"

வெட்டு தொடங்கிய பிறகு

அதற்குப்பின் அக்காவே காவல். பலகையை எடுத்தால் அக்காவிடம் பதில் சொல்ல வேண்டும், பயிற்சிக்காக விரலை மடித்தால் வலியில் என்னிடம் அழ வேண்டும். அண்ணன் இரண்டையும் செய்தார்.

மழை விட்டு நாளான பிறகு காட்ட வந்தார். சட்டையில் ரப்பர் பால் மணம். மரங்களை வேறு யாரும் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையை என் முன்னால் விரித்தார், நான்கு விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் மட்டும் கத்தி பிடித்தாற்போல் பாதியில் நின்றுகொண்டது. இன்னும் பயிற்சி செய்தால் கொஞ்சம் வரும், முழுதும் வராமலும் போகலாம் என்றேன். அண்ணன் அந்த விரலைப் பிரியமாகப் பார்த்தார்.

"கெடக்கட்டும் டாக்டரே. அஞ்சுல ஒண்ணாவது எனக்க பேச்சைக் கேட்டுதே."

கையை விரிக்க வைக்கிற வித்தை எங்கள் பாடத்தில் உண்டு, கைக்கு உடையவரை வழிக்குக் கொண்டுவருவதற்கு மட்டும் வீட்டிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது.