இடது பக்கம் திரும்பாத கார்

போன புதன்கிழமை எங்கள் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாமி என் மனைவியை நிறுத்தி, ரகசியமாகக் கேட்டாராம்: "வைதேகி, உங்காத்துக்காரர் தினமும் கார்லயே பிரதட்சணம் பண்றாரே... என்ன வேண்டுதல்?"

வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹாரன்!

வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கார். இரண்டாம் மாதம் பின் கண்ணாடி இறங்கியது, ஏற மறுத்தது. ஐந்தாம் மாதம் ரிவர்ஸ் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. (எல்லாம் கிழமை, நேரத்தோடு என் டைரியில் இருக்கிறது. பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும்.) இப்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறுகிறது. வலது பக்கம் ஒடித்தால்... பரம சாது.

சித்திரை வீதிகள் நான்கும் கோயிலைச் சுற்றி ஓடுபவை. திருச்சியிலிருந்து திரும்பும்போது கிழக்குச் சித்திரை வீதியில் வந்து, மூலையில் இடது பக்கம் திரும்புவேன். அந்த மூலை வீட்டில்தான் சௌரிராஜன் இருக்கிறார். ரிடையரான ஹெட்மாஸ்டர், பதினைந்து வருடமாக மாலையில் என்னோடு கோயிலுக்கு நடந்து வருபவர். பிரசவத்துக்கு வந்த மகளும் இரண்டு மாதப் பேத்தியும் இப்போது அங்கே. பேத்தி தூங்குவதே அபூர்வம். அவள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் நான் வீடு திரும்புவேன்!

நான்காவது அலறலில் அவர் தெருவுக்கே வந்துவிட்டார்.

"ஓய், குழந்தை தூங்கறதுன்னு தெரியாதா?"

"நான் அடிக்கலை ஸ்வாமி. அதுவா அடிக்கறது."

"முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தினவன் நான். 'நான் பேசலை சார், வாய் அதுவா பேசித்து'ன்னு சொன்ன பசங்களை எல்லாம் பார்த்தாச்சு!"

அன்று மாலை எனக்காகக் காத்திருக்காமல் தனியாகக் கோயிலுக்குப் போனார். மறுநாளும் அப்படியே.

சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். சூப்பர்வைசர் ஹாரனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானே சார் அடிக்குது?"

"அடிக்கறதுதாங்க கம்ப்ளெயின்ட்!"

ஸ்டியரிங்குக்குள் ஏதோ சுருள் ஒயர் போய்விட்டதாம். பார்ட் சென்னையிலிருந்து வியாழக்கிழமை வருமாம். அதுவரை ஃபியூஸைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டேன். "பிடுங்கினா வாரண்டி போயிடுங்க சார்."

வியாழன் வந்தது; பார்ட் வரவில்லை. அடுத்த வியாழனும் அப்படியே. எந்த வியாழன் என்று கேட்டுக்கொள்ளாதது என் தப்புதான். மூன்றாவது வியாழன் அவர்களே போன் செய்தார்கள் — "சார், உங்க வண்டியில என்ன ப்ராப்ளம்னு சொன்னீங்க?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இடது பக்கம் திரும்பினால்தானே வம்பு? மேற்குச் சித்திரை வீதி வழியாக வந்தால் வலது பக்கம் திரும்பி, சௌரிராஜனின் மூலை வீட்டுக்கு முன்பே என் வீட்டை அடைந்துவிடலாம். கிளம்பும்போது அவர் வீட்டு மூலையில் மறுபடி வலது பக்கம். தெற்கே கடைத்தெருவில் மட்டும் இடது திருப்பம் உண்டு. அந்த இரைச்சலில் என் ஹாரனை யார் கேட்கப்போகிறார்கள்? ஆக, போக வர ஒரு முழுச் சுற்று. கோயில் எப்போதும் என் வலப்பக்கம். ஊர் பேசாமல் இருக்குமா?

சனிக்கிழமை மாலை எங்கள் வாசலில் சௌரிராஜன்!

"கேள்விப்பட்டேன், ஓய். பத்து நாளா குழந்தை மத்தியானம் நன்னா தூங்கறது. நீர் அவளுக்காக வேண்டிண்டு சுத்தறீராமே? அது தெரியாம நான் என்னென்னவோ சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து வைதேகி, "சும்மா இருங்கோ" என்று ஜாடை காட்டினாள். தப்பான தகவலை அப்படியே விட்டுவைக்க எனக்கு வராதே! டைரியை எடுத்து, முதல் அலறலிலிருந்து மூன்றாவது வியாழன் வரை வாசித்துக் காட்டினேன்.

பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகத்தோடு கேட்டார்.

"ஆகக்கூடி, குழந்தை தூங்கணும்னுதானே சுத்தினீர்?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன... வாரும், சேவிச்சுட்டு வரலாம்."

தெருவில் இறங்கியதும் கேட்டார்: "அது சரி, இன்னும் எத்தனை நாள் பிரதட்சணம்?"

"அதை சர்வீஸ் சென்டர்தான் சொல்லணும்!"