வரிசையில் நின்றவர்

அக்காவுக்கு வேலையே அடுத்தவர் வாயைப் பார்ப்பதுதான். பள்ளிக்கூடம், தையல் கம்பெனி, சந்தை என்று எங்கள் சுகாதாரக் குழு போகும் இடமெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விலக்கி, "சொத்தை ரெண்டு, ஈறு வீக்கம், புண் இல்ல" என்பார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் எழுதுவேன். எந்தப் பக்கம் எந்த நோய் தலைதூக்குகிறது என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும். குழுவில் இருப்பவர்களின் குடும்பத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது விதி.

அன்று பஸ் டிப்போ. வரிசையில் மாமாவும் நின்றார். மாமா என்றால் அக்காவின் கணவர், அங்கே கண்டக்டர்.

"வீட்ல என் வாயை அடைக்கிறவ, இங்க வந்து எல்லார் வாயையும் திறக்கச் சொல்றா பாருங்கப்பா."

டிப்போவே சிரித்தது. அவர் முறை வந்தது.

"நம்ம வீட்டு ஆளு கணக்குல வராதுங்க. தள்ளுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

"சும்மா ஒரு பார்வை பாரேன்."

"வீட்ல பாக்கறேன். மானத்த வாங்காதீங்க."

மாமாவும் சிரித்தார். ஆனால் உடனே நகரவில்லை. டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

வீட்டில் பார்க்கவில்லை. நாளெல்லாம் வாய் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது ஞாபகமில்லை. மாமாவும் மறுபடி கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில்காலம் வந்த பிறகுதான், அவர் ஒரு பக்கமாகவே மெல்வதை அக்கா கவனித்தார். விளக்கை எடுத்துவந்து பார்த்தார். நாக்குக்கு அடியில் புண், விளிம்பு தடித்துக் கிடந்தது. அது என்னவென்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாக்கை எடுத்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

ஆபரேஷன் அன்று காலை நானும் போயிருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா.

"உன்கிட்ட தனியா காட்ட பயமா இருந்துச்சு. எல்லாரோடயும் சேத்து நீயே பாத்துட்டா தேவலைன்னுதான் வரிசையில நின்னேன்."

அக்கா படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அழாத. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. போய் சாப்பிட்டு வா."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்த?"

"இப்ப சொன்னதைத்தான்."

"போய் சாப்பிடு." வார்த்தை குழறியது.

"இன்னொரு தடவை."

மாமா சொன்னார். ஸ்ட்ரெச்சர் வாசலில் வந்து நின்ற பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.