மாடித் தொட்டியைத் திறந்த நாள்

குவைத்தில் சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அப்பாசியாவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கம்பெனி வண்டி ஓட்டினார். நான் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தேன். எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்தது.

அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டியே கிடந்தன. சண்டையின்போது ஓடிப்போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. ஒரு வீட்டு வாசலில் குழந்தைச் செருப்பு ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. யாரும் அதை எடுக்க மாட்டார்கள். டேங்கர் வண்டி வந்து மாடித் தொட்டியை நிரப்புவதற்கு முன்னால், தண்ணீர் வற்றின குழாயைத் திறந்தால் உள்ளிருந்து யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வரும். காற்றுத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். அங்கே போர்வெல் போட்டால் வருகிற தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லெல்லாம் பழுப்புப் பட்டை விழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். அதற்காக நான் வாயைப் பொத்திச் சிரித்தது கிடையாது. பல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. என் அண்ணன் நாற்பது வயதுக்குள் முதுகு வளைந்து, தரையைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தான். அவனுக்கு வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் அந்தத் தண்ணீரை விட்டு ஓடினேன். முதலில் சேலத்தில் தங்கச்சி வீடு, பிறகு குவைத். மகளுக்கு முதல் பல் வெள்ளையாக முளைத்ததைப் பார்த்து அழுதேன்.

ஆனால் குவைத்தில் அந்த வெள்ளைப் பல்லும் சொத்தையானது. அவளுக்கு மட்டுமில்லை. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் எல்லாம் கருப்பு ஓட்டை.

கீழ் வீட்டில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். தண்ணீரைச் சோதிக்கிற லேப்பில் வேலை. தங்கமான மனுஷன். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போனவர்கள் திரும்பியதும் எல்லாக் குடும்பத்தையும் தன் வீட்டு ஹாலுக்குக் கூப்பிட்டார்.

"இது கடல் தண்ணிய ஆவியாக்கிப் பிடிக்கிற தண்ணி. இதுல பல்லுக்கு வேண்டியது ஒண்ணுமே கெடையாது. ஒரு உப்பு இருக்கு, தொட்டியில அளந்து துளி சேத்தா போதும். பிள்ளையளுக்குப் பல்லு கெடாது. கட்டடத்து முதலாளிகிட்ட பேசிட்டேன். ஆனா ஒரு வீடு வேண்டாம்னு சொன்னாலும் நான் போட மாட்டேன்."

ஒவ்வொரு வீடாகச் சரி, சரி என்றார்கள். என் முறை வந்தது.

"அந்த உப்புக்குப் பேரு என்னாங்க?" என்று கேட்டேன்.

"ஃபுளோரைடுக்கா."

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் அந்தப் பேர் தெரியும். எங்கள் ஊருக்கு ஆபீசர்கள் வந்து குடிக்கக் கூடாதென்று அடிபம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்தபோது சொன்ன பேர் அது. நான் வாயை நன்றாகத் திறந்து, எல்லோருக்கும் பல்லைக் காட்டினேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. நீங்க சொல்ற உப்பு இதுதான்."

எங்கள் எதிர் வீட்டில் காயல்பட்டினத்து அம்மா ஒருவர் இருந்தார். அக்காவை லாத்தா என்பது அவர்கள் வழக்கம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர்தான் முதலில் பேசினார்.

"ஏங் கண்ணு, இவ்வளவு நாளும் நான் வெத்தலக் கறைன்டுல்ல நெனச்சேன்!"

"வெத்தலைய வாயில வெச்சதே இல்ல லாத்தா. தண்ணிதான் குடிச்சன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் லாத்தா முகம் மாறிவிட்டது.

"எம் புள்ள கன்னம் வீங்கிக் கெடக்கான். சோறு எறங்கலே. ஒனக்குப் பழைய பயம். அதுக்கு எம் புள்ள நோவணுமா?"

சுருக்கென்றது. அந்த வாரம் என் மகளும் வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டுதான் படுத்தாள். அங்கே அண்ணன் முதுகு, இங்கே மகள் பல். எதன் பக்கம் பேசுவது?

"அங்க மண்ணுலயே அதிகம் அக்கா. இங்க நான் அளந்துல்லா போடுவேன்" என்றார் லேப்காரர்.

"சரிங்க. ஆனா போடறதுக்கு முன்னால தொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும். உள்ள பாக்காத பாத்திரத்துல நான் கல்லு உப்பே போட மாட்டன்" என்றேன். சோறு பொங்குகிறவளுக்கு அதுதானே முதல் பழக்கம்.

அன்றைக்கே மாடிக்கு ஏறினோம். கதவைத் திறந்ததும் திகைத்து நின்றோம். பட்டப்பகல். ஆனால் தூசிக்காற்று கிளம்பி வானம் செங்கல் நிறமாகியிருந்தது. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. காற்றும் திடீரென்று நின்றுபோய், தூசி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹாரிஸ் ஏணியோடு வந்தார். எகிப்துக்காரக் கிழவர், அரைகுறை இந்தி பேசுவார். இரும்புத் தாங்கியின் மேலே, எங்கள் தலைக்கு மேல் உயரத்தில் தொட்டி இருந்தது. லேப்காரர் டார்ச்சோடு ஏறினார். மேலே ஒரு பலகையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இறங்கி, டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"நீங்க பாருங்கக்கா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். தொட்டிக்கு மூடி இல்லை. எப்போதோ பறந்துபோயிருக்கிறது. பாதி வாயை மறைத்து ஒரு பலகை, அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. டார்ச் அடித்தேன். அடியில் யாரோ பச்சரிசியைக் கொட்டி வைத்தது போல வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீர் அசைந்தது. அரிசியும் மெதுவாக உருண்டது. அப்போதுதான் தெரிந்தது.

பல். எல்லாம் குழந்தைகளின் பால் பல்.

எப்படி வந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. நம் பக்கம் பிள்ளைக்குப் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறியச் சொல்வோம் இல்லையா? அப்போதுதான் புதுப் பல் நன்றாக முளைக்கும் என்பார்கள். குவைத்தில் சாணிக்கு எங்கே போவது, கூரைக்கு எங்கே போவது? மாவு பிசைந்து அதற்குள் பல்லை வைத்து, மொட்டை மாடியிலேயே உயரமான இடமான தொட்டி மேல் எறிந்தோம். நானும் என் மகளைத் தூக்கிப் பிடித்து எறியச் சொன்னேன். எல்லோர் வீட்டிலும் அதே வழக்கம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மேலே விழுந்து கிடக்கும் என்றே நினைத்தோம். கீழேயிருந்து பார்த்தால் மூடி இல்லாதது தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் லாத்தா முந்தானையால் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"யா அல்லா, இதையா குடிச்சோம்? இதையா நோன்பு தொறக்கக் குடிச்சோம்?"

ஹாரிஸ் ஒரு வலைக்கரண்டியால் அள்ளி, நான் கீழேயிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் போட்டார். போடப் போட வந்துகொண்டே இருந்தது. எங்கள் கட்டடத்தில் அத்தனை பிள்ளைகளே கிடையாது. பூட்டிக் கிடந்த வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தட்டில் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அரிசியில் கல் பொறுக்குவது போல விரலால் தள்ளிப் பார்த்தேன். முக்கால்வாசிப் பல்லில் கருப்பு ஓட்டை. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. பழுப்புப் பட்டை. என் நாக்கு தானாகப் போய் என் முன்பல்லைத் தொட்டது. எங்கள் ஊர்த் தண்ணீர் போட்ட கறை அது. எனக்குத் தெரியாதா?

"இது யாரு புள்ளையோடது?" என்று கேட்டேன். சண்டைக்கு முன்னாலிருந்து அங்கே குடியிருந்தவர் லாத்தா ஒருவர்தான். அவர் தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுல முந்தி ஒரு பொண்ணு இருந்துச்சு. ஒம் மவ வயசுதான். சிரிச்சா வாயப் பொத்திக்கும். சண்ட வந்ததும் ஊருக்குப் போயிட்டாங்க. பேருகூட நெனவில்ல கண்ணு."

எங்கள் வீட்டில். என் மகள் படுக்கிற அறையில்.

லேப்காரர் மெதுவாகச் சொன்னார். "இதுக்குக் கறை இருக்குக்கா. ஆனா ஓட்டை இல்ல."

"பாத்தன் தம்பி. பல்லு உறுதிதான். எங்க அண்ணன் கூட வளைஞ்ச முதுகோட கரும்பு கடிப்பான்." அந்தப் பல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "நீங்க லீவுல போனா யாரு அளப்பாங்க? உங்க விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பிட்டா?"

அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "மூடி இல்லங்கிறதே இன்னைக்குத்தான் நமக்குத் தெரியுது."

பேச்சு அங்கேயே முடிந்தது. தொட்டியில் எதுவும் போடுவதில்லை, கழுவி இரும்பு மூடி போடுவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். லாத்தாவும் தலையாட்டினார். லேப்காரர் தனக்குத் தெரிந்த பல் டாக்டரிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அதே உப்பு மருந்தைப் பல்லில் மட்டும் தடவ ஏற்பாடு செய்தார். என் மகளுக்குத் தடவும்போது அவள் வாயை நானே பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாடியில் நிற்கும்போதே இன்னொரு கேள்வி, அந்தப் பற்களை என்ன செய்வது? சாக்கடையில் போட யாருக்கும் மனசு வரவில்லை. ஹாரிஸ்தான் சொன்னார், அவர் ஊரில் விழுந்த பல்லைச் சூரியனுக்கு எறிவார்களாம். சூரியன் எங்கே என்று கேட்டார். லேப்காரர் தூசிக்குள் ஒரு பக்கம் கை காட்டினார். கிழவர் கை நிறைய அள்ளி எறிந்தார். கீழே முழுக்கத் தகரக் கொட்டகைகள். விழுகிற சத்தம் கேட்கும் என்று காத்து நின்றோம். ஒரு சத்தமும் வரவில்லை.

பழுப்புப் பல்லைக் கடைசியாக நானே எறிந்தேன். படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அந்த அக்காவுக்கு இப்ப என்ன பல்லு மொளச்சிருக்கும்மா?" என்று கேட்டாள். நான் அவளைக் கீழே கூட்டிப்போனேன்.

இப்போது நாங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டோம். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. அண்ணன் இல்லை. மகளுக்குப் பல்லும் முதுகும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் சந்தையில், பஸ்ஸில், அவளைவிடக் கொஞ்சம் மூத்த பெண் யாராவது வாயைப் பொத்திச் சிரித்தால் நின்று பார்க்கிறேன், முதுகு நேராக இருக்கிறதா என்று. என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை பேச வாயைத் திறக்கும்போதெல்லாம், அதே அறையில் அவளுக்கு முன்னால் படுத்திருந்து, நான் தப்பி வந்த தண்ணீருக்கே திரும்பிப் போன அந்தக் குழந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.