எடை ஒட்டாத தக்காளி

"நாலாம் நம்பர் அக்கா" என்றால் அந்த சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர் முதல் தள்ளுவண்டி அடுக்குகிற ஆள் வரை எல்லோருக்கும் தெரியும். பில் போடும் வரிசையில் நாலாவது கவுண்டர் அவளுடையது. உட்கார நாற்காலி கிடையாது, நின்றபடிதான் வேலை. நின்று நின்று அவள் குதிகால் படும் இடத்தில் மட்டும் தரை வழவழப்பு இழந்து மங்கிப்போயிருந்தது.

பள்ளிக்கூடங்கள் மூடி விடுமுறை விட்டுவிட்டால் கடை தாங்காது. வெயிலுக்கு ஏசியில் நடக்கலாம் என்றே பாதிப் பேர் குடும்பத்தோடு வருவார்கள். பிள்ளைகள் தள்ளுவண்டிக்குள் ஏறி நின்று தேரோட்டம் நடத்தும். வேண்டாமென்று முடிவு செய்த உறைந்த கோழியை யாரோ பிஸ்கட் அலமாரியில் சொருகிவிட்டுப் போயிருப்பார்கள். அது உருகி வழிந்து நாற்றமெடுத்த பிறகுதான் தெரியும். அதற்கும் பில் போடுகிறவளைத்தான் கேட்பார்கள்.

"என்னம்மா கடை இது, நாத்தம் கொடலப் புடுங்குது?"

"மன்னிச்சுக்கங்க மேடம், உடனே சுத்தம் பண்ணச் சொல்றேன்."

அந்த வாக்கியம் அவள் வாயில் தானாகவே வரும். கோபக்காரர்களின் கண்ணைப் பார்க்காமல் புருவத்துக்கு நடுவே பார்த்துப் பேச வேண்டும் என்பது அவளே கண்டுபிடித்த உபாயம். பார்க்கிற மாதிரியும் இருக்கும், உள்ளே இறங்காமலும் இருக்கும். ஆனாலும் சிலது இறங்கத்தான் செய்தது. ஒரு நாள் காலையில் ஒருவர், "கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்ன கொறஞ்சா போயிடுவே?" என்றார். சரியென்று சிரித்து வைத்தாள். அடுத்து நின்ற அம்மாள், "எதுக்கு இப்ப சிரிக்கிறே? என்னப் பாத்தா கிண்டலா இருக்கா?" என்று பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனாலும் கடைக் குரல் தொண்டையை விட்டுப் போகாது. சீப்பு எங்கே என்று மகள் கேட்டால், "ஒரு நிமிஷம் மேடம்" என்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கணவர் டவுன் பஸ் டிரைவர். அவருக்கும் விடுமுறைக் காலம் என்றால் படிக்கட்டு வரை கூட்டம்தான். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் காலை நீட்டிக்கொண்டு அன்றைய வசவுகளைப் பரிமாறிக்கொள்வார்கள். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு ரத்தம் கொதிக்கும். "எவன் சொன்னான் அப்படி? நான் மட்டும் அங்க இருந்திருந்தா வண்டியோட சேத்து வெளிய தள்ளியிருப்பேன்" என்பார். அவரால் தள்ள முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தனக்காகக் கொதிக்க ஒரு ஆள் இருக்கிறதே என்று கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

விடுமுறையின் நடுவில் ஒரு நாள் கணவரின் தம்பி குடும்பத்தோடு ஊரிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டில் காய்கறி இல்லை. டியூட்டி முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து வாங்கிப் போகும்படி காலையிலேயே கணவரிடம் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு அவள் கவுண்டரில் வரிசை அரிசி மூட்டைகள் வரை வளைந்து நின்றது. நிமிரவே நேரமில்லை. பொருள் எடு, காட்டு, பீப், தள்ளு, அடுத்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஆறாம் நம்பர் பக்கமிருந்து ஒரு ஆணின் சத்தம் எழும்பியது.

"நீ நின்ன எடத்துல நின்னு பீப் பீப்னு தட்டுவ, நான் கடை முழுக்க அலையணுமா?"

இதே மாதிரிப் பேச்சு ஒரு நாளைக்கு எத்தனையோ வரும். அவள் நிமிரவில்லை. அடுத்த வாக்கியத்தில்தான் கை நின்றது.

"உங்களுக்கெல்லாம் யாரும்மா வேல குடுத்தது?"

அந்தக் குரலோடுதான் அவள் பதினேழு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டை, கையில் தக்காளிப் பை, சிவந்த முகம். ஆறாம் நம்பரில் நின்ற பெண்ணை எல்லோரும் டீச்சர் என்பார்கள். வேலைக்கு வருவதற்கு முன் டியூஷன் எடுத்தவள், யாரிடமும் நிதானமாக விளக்கித்தான் பேசுவாள். அன்றும் விளக்கிக்கொண்டுதான் இருந்தாள். "சார், காய்கறிய அந்தப் பக்கம் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வரணும் சார். எங்ககிட்ட தராசு இல்ல சார்."

"அத எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

டீச்சர் தலைக்கு மேலேயே பெரிய எழுத்தில் எழுதித் தொங்கியது. அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. காட்டினால் இன்னும் ஏறுவார்கள் என்று எல்லா கவுண்டர்காரிகளுக்கும் தெரியும்.

நாலாம் நம்பர் அக்கா "கவுண்டர் மூடியுள்ளது" என்ற பலகையை எடுத்துத் தன் முன்னால் வைத்துவிட்டு நடந்தாள். பின்னால் வரிசை கொந்தளித்தது. என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. 'ஏங்க' என்று தொடங்கினால் இங்கேயே குடும்பச் சண்டையாகிவிடும். கிட்டே போய் நின்றதும் வாயில் பழக்கப்பட்டதுதான் வந்தது.

"சார், இப்படிக் குடுங்க சார். நான் எடை போட்டுத் தர்றேன்."

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. பையை அவள்தான் அவர் விரல்களிலிருந்து கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காய்கறிப் பகுதி வரை நடந்தாள். எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பி வந்து டீச்சரிடம் கொடுத்தாள். பிறகு கணவரின் புருவத்துக்கு நடுவே பார்த்து, "காக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க சார்" என்றாள். பணத்தைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு அவர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

அவள் தன் இடத்துக்கு வந்ததும் முதலில் நின்றவர், "எங்கம்மா ஊர் சுத்தப் போயிட்ட?" என்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பில் போட ஆரம்பித்தாள்.

டீ குடிக்கும் இடைவேளையில் ஸ்டோர் ரூமில் எண்ணெய் அட்டைப்பெட்டிகள் மேல் அவளும் டீச்சரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் இன்னும் ஆறவில்லை.

"நல்லவேள வந்தீங்கக்கா. உங்களப் பாத்ததும் பெட்டிப் பாம்பா அடங்கிட்டான். இவனுக்கெல்லாம் வீட்ல ஒரு பொண்டாட்டி இருப்பா பாருங்க, பாவம்."

அவள் டீயை ஊதினாள். சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை மறைத்துக் காப்பாற்றுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"இருக்கா. நான்தான்."

டீச்சருக்குப் புரையேறியது. "ஐயோ அக்கா..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது நாலாம் நம்பர் அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன.

"விடுங்கக்கா" என்றாள் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் ஹோட்டல்ல சர்வரக் கூப்புட விரலச் சொடுக்குவாரு. நான் மெனு கார்டுக்குள்ள தலைய விட்டுக்குவேன்."

வீட்டுக்குப் போனபோது கொழுந்தனார் குடும்பம் வந்திறங்கியிருந்தது. கூடத்தில் பிள்ளைகள் கூச்சல். சமையலறையில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

"எல்லார் முன்னாடியும் சார்னு கூப்புட்டியே" என்றார், மெதுவாக.

"கடைக்கு வர்றவங்கள அப்படித்தான் கூப்புடணும்."

"நான் உன் புருஷன்டி."

"அத அங்க சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க."

அவர் உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினார். "காலைலேர்ந்து மூணு பேர் என்னக் கண்டபடி பேசிட்டானுங்க. ஸ்டாப் தள்ளி நிறுத்திட்டேனாம். ஒருத்தன் கண்ணாடியத் தட்டித் தட்டி..."

"அத அந்தப் புள்ளமேல இறக்கி வச்சுட்டீங்க."

"தப்புதான்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். இன்னும் எவ்வளவோ கேட்க வேண்டியிருந்தது. முழங்கால் விண்ணென்று தெறித்தது. "இப்ப எனக்கு முடியலைங்க. நாளைக்கு சண்ட போட்டுக்கலாம்."

மறுநாளும் முடியவில்லை. அதற்கு மறுநாள் அது பழசாகிவிட்டது.

விருந்தாளிகள் கிளம்பிப் போன வாரத்தில் ஒரு மத்தியானம், டீச்சர் ஸ்டோர் ரூமுக்குள் வேகமாக வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்தாரு. ஒரே ஒரு சோப்பு வாங்கினாரு. பில்லு போட்டு முடிச்சும் நகராம நிக்கறாரு. பின்னாடி இருக்கறவங்க, 'யோவ், தூங்கிட்டியா?'ன்னு கத்தறாங்க."

"என்ன சொன்னாரு?"

"என்னமோ சொன்னாருக்கா. அந்தக் கூச்சல்ல காதுல விழல. நான் பாட்டுக்கு, 'பரவால்ல சார், அடுத்தவங்க வாங்க'ன்னுட்டேன். பழக்க தோஷம்."

வீட்டில் அவர் சோப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் வடிந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஒரு நாள் முழு விடுப்புக் கிடைத்தது. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் படுத்தவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். கண் விழித்தபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க மேனேஜர் போன் பண்ணினாரு. ஆள் கம்மியாம், உன்ன வரச் சொன்னாரு."

அவள் பதறி எழுந்தாள். "எழுப்பக் கூடாதா?"

"அப்பா எடுத்துப் பேசிட்டாரு. 'அவங்க தூங்கறாங்க, இன்னைக்கு வர மாட்டாங்க'ன்னு சொல்லி வச்சுட்டாரு."

"கத்தினாரா?"

"இல்லம்மா. நல்லபடியாத்தான் சொன்னாரு."

அவள் தலையணையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.